ரூஹி படிச்ச காயிதம்

இல்ல சார், காசு வாங்கலன்றத மொதல்ல போடு. அதான் முக்கியம். எம் பொண்ணு யார்கிட்டயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்ல. வக்கீல் வேல பாத்தான்னு அவ மேல எய்திப் போட்டாங்க பாரு, அதுக்குத்தான் இந்த அஃபிடவிட்டே. வேல பாக்கல, ஒத்தாச பண்ணா. தெருவுல ஒருத்தர் வந்து காயிதத்த நீட்டுனா படிச்சி சொல்ல மாட்டமா? அத்த இங்கிலீஷ்ல நல்லா கனமா போடு. அங்க இத்த படிக்கப் போறவங்கோ பெரிய பெரிய புரபசருங்கோ.

எம் பேரா? அமீருதீன். வயசு அம்பத்தி நாலு. டோல்கேட்டாண்ட தார்பாய் கட. கரி லோடு லாரி மேல போத்துவாங்கல்ல, அது தெக்கிறது, ஓட்ட அடைக்கிறது. வள்ளூர் கரண்ட்டு பிளாண்ட்டாண்ட போய் நின்னு பாரு, பாதி வண்டில நம்ம கைத் தையல்தான். தொயில் இன்னான்னு போட்ட? டார்பாலின் மேனுபேக்சரரா? ஹ. சோக்கா கீது. இருக்கட்டும் வுடு, புரபசருங்கோ பாத்தா ஒரு மரியாத.

பொண்ணு பேரு ரூஹி. படிக்கிறது சட்டம். இங்க இல்ல சார், வெளிநாட்ல. எந்த நாடுன்னு கேட்டா ஒரு நாட்ட சொல்ல முடியாது, அதான் கூத்து. அங்க ஒரு ஆறு ஓடுது. இந்தாண்ட கரை ஜெர்மனி, அந்தாண்ட கரை பிரான்சு. ரெண்டு யூனிவர்சிட்டியும் கூட்டு சேந்து ஒரே படிப்பு நடத்துறாங்கோ. ரெண்டு வருசம் இந்தக் கரைல ஜெர்மன்காரன் சட்டம், அவன் பாசைல. ரெண்டு வருசம் அந்தக் கரைல பிரான்சுக்காரன் சட்டம், அவன் பாசைல. முடிச்சா ரெண்டு தேசத்துப் பட்டமும் கைல. பாலத்து மேல டிராம் போவுதாம். இங்க டோல்கேட்ல ஏறி ராயபுரத்துல எறங்குற நேரம் கூட ஆவாதாம், வேற நாடு வந்துடுமாம். ஒரே கேசு சார், இந்தக் கரைல தோத்துப் போறவன் அந்தக் கரைல ஜெயிச்சிடுவானாம். அவ சொல்லுவா, நான் வாயப் பொளந்துகினு கேப்பேன்.

பிரெஞ்சு எப்டி வந்துச்சுன்றியா? ஸ்கூல்ல தமிழுக்குப் பதிலா அத்த எடுத்தா மார்க்கு அள்ளலாம்னு டீச்சர் சொல்லிச்சி. மார்க்குக்குப் புட்ச்ச பாச அவள எங்கியோ இஸ்துகினு போயிடுச்சி. ஜெர்மன் அப்பால கத்துகினா. விடியங்காட்டி எய்ந்து ஃபோன்ல பாடம் கேப்பா, நான் தொயுதுட்டு வந்தா கடமுடான்னு ஏதோ பேசிகினு கீறா. ஸ்காலர்ஷிப்பு குட்த்தாங்கோ. ஏர்போர்ட்ல எம் பொண்டாட்டி ஜெரினா அயுது தீத்துட்டா. நான் அயுவல. நெஞ்ச நிமித்திகினு நின்னேன். காக்காய்க்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னுவாங்கோ. இது நெசமாவே பொன்னு சார்.

தோ வர்றேன், விசயத்துக்குத்தான் வர்றேன். நீ டைப் அடிக்கிற வேகத்துக்கு நான் பேச வாணாமா? வெளிய பாரு, கண்டெய்னர் வண்டி நவுரவே இல்ல. நோட்டரி வக்கீலும் சாப்ட்டு வர மூணு ஆவும்னு நீதான சொன்ன.

அவ போனதுக்கு அப்பால எங்க தெருவே மாறிடுச்சி. அதுவரிக்கும் என்னிய தார்பாய் பாயின்னு கூப்டுவாங்கோ. அப்பால வக்கீல் பாயி. நான் ஒம்பதாங்கிளாசு ஃபெயிலு. எனுக்கு இன்னாத்துக்கு அந்தப் பேரு? ஆனா கேக்க சொகமா இருந்துச்சி, அல்லா சாட்சியா சொல்றேன். டீக்கடைல எய்ந்து எடம் குடுப்பாங்கோ. ஒருத்தன் வாடக அக்ரிமெண்ட்டு எடுத்துகினு வருவான், ஒருத்தி புருசன் அனுப்புன நோட்டீச எடுத்துகினு வருவா, துபாய் விசா, ரேஷன் கார்டு, பட்டா. எல்லாத்தயும் ஃபோட்டோ புட்ச்சி அவளுக்குத் தட்டி வுடுவேன். வாப்பா, இது நம்மூரு சட்டம், நான் படிக்கிறது வேற சட்டம், எனக்கு எப்படித் தெரியும்ன்னுவா. அப்டி சொல்லிட்டும் தேடிப் பாத்து, டிராம்ல போய்கினே வாய்ஸ்ல பதில் போடுவா. நான் அத்த தெருவுல சவுண்டா வெச்சிக் காட்டுவேன். ரெண்டு வருசம் இப்டி. ஒரு நாளு கூட மொகம் சுளிச்சதில்ல அது.

சரி, எய்திக்க. எங்க எதுத்த வூடு சுகிர்தம் அக்கா. திருநெல்வேலிப் பக்கம், சர்ச்சுக்குப் போறவங்கோ. கீய மளிகை ஹோல்சேல் கட, மேல வூடு. இருவது வருசப் பயக்கம். நோம்பு மாசம் அது வூட்லேர்ந்து பழம் வரும், கிறிஸ்மஸுக்கு நம்ம வூட்லேர்ந்து பிரியாணி டேக்சா போவும். புருசன் போய் சேந்து அஞ்சு வருசம். ஒரே புள்ள, ஜோபின். கடைல குந்துடான்னா குந்த மாட்டான். கப்பல்லதான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். கோர்ஸு கூட பண்ணான். ஆர்பர பாத்துகினே வளந்த புள்ளைக்கு வேற இன்னா தோணும்?

ஒரு ஏஜெண்ட்டு மூலியமா வேல வந்துச்சி. காண்ட்ராக்ட் பேப்பரு பதினோரு பக்கம். ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு பத்தி, இடது பக்கம் இங்கிலீஷு, வலது பக்கம் பிரெஞ்சு. கப்பலு ஏதோ ஆப்பிரிக்கா நாட்டுக் கொடியாம், அங்க பிரெஞ்சு பேசுவாங்களாம். அக்கா அத்த ஒரு பையில போட்டுகினு வந்துச்சி. பாய் அண்ணே, ஒங்க பாப்பா படிக்க பாஷதான இது, ஒரு பார்வ பாக்கச் சொல்லுங்க, அவ சரின்னா அனுப்புதேன், இல்லன்னா கட்டிப் போட்டுருதேன்னு சொல்லிச்சி. அது வெள்ளிக்கெயம. திங்கக்கெயம அவன் கையெய்த்து போட்டு பிளேன் ஏறணும்.

தேதியா? வெள்ளிக்கெயமன்னு போடு. ஓ, பேப்பரு என் கைக்கு வந்த தேதி இல்லியா? நான் ரூஹிக்கு அனுப்புன தேதியா? அது... எடம் வுட்டு வை சார். பாத்து சொல்றேன். ரெண்டு டீ சொல்லவா? சரி, உனுக்கு வாணாம்னா எனுக்கும் வாணாம்.

போனான் சார். நான்தான் சென்ட்ரலாண்டருந்து பஸ் ஏத்தி வுட்டேன், மீனம்பாக்கத்துக்கு. மூணு மாசம் எல்லாம் ஒயுங்கா போச்சி. தெனம் ஃபோட்டோ அனுப்புவான், இஞ்சின் ரூம்ல மூஞ்சியெல்லாம் கிரீசு. அப்பால கப்பல்காரன் காணாப் போயிட்டான். காணாப் போறதுன்னா, ஆபீஸு இல்ல, ஃபோனு இல்ல, ஒண்ணும் இல்ல. கப்பல அரபு நாட்டு ஆர்பருக்கு வெளிய நங்கூரம் போட்டு நிறுத்திட்டாங்கோ. ஏழு மாசமா நின்னுகினு கீது. ஒம்பது பேரு உள்ள. கரை கண்ணுக்குத் தெரியுதாம், ராத்திரில கடைங்க லைட்டு கூட தெரியுதாம், ஆனா எறங்கக் கூடாது. ஆளுங்கோ எறங்கிட்டா கப்பல யார் பாத்துப்பான்னு அந்த ஆர்பர்காரன் கேக்கிறான். டீசலு இல்ல, அதனால கரண்ட்டு இல்ல. வாரத்துக்கு ஒரு தபா தண்ணி வருது, அதயும் அளந்துதான் குடிக்கிறாங்கோ. போன மாசம் வீடியோல பாத்தேன். கன்னம் ஒட்டிப் போய், தாடி வெச்சிகினு, இருவத்தி மூணு வயசுப் புள்ள நாப்பது மாதிரி கீது. மாமு, நல்லாகீறியான்னு என்னியக் கேக்கிறான் சார் அவன்.

சுகிர்தம் அக்கா கடய தொறக்குது, மூடுது. யார்கூடவும் பேசுறதில்ல. சர்ச்சுக்கும் போறதில்ல இப்ப.

காண்ட்ராக்ட்டுல இன்னா தப்புன்னு கேக்கிறியா? அதான் சார் கொடும. இங்கிலீஷு பத்தியும் பிரெஞ்சு பத்தியும் ஒண்ணுபோல தெரியும், ஆனா ஒண்ணு இல்ல. பிரெஞ்சுல ஒரு வரி அதிகமா கீதாம். கப்பலு நின்னு போனா ஆள ஊருக்கு அனுப்புறது எங்க பொறுப்பு இல்லன்னு. இங்கிலீஷுல அந்த வரியே கிடையாது. கடைசிப் பக்கத்துல குட்டியா போட்டுகீறான், ரெண்டும் ஒத்துப் போவலன்னா பிரெஞ்சுதான் செல்லும்னு. அந்த வரியெல்லாம் கோர்ட்டுல நிக்காதுன்னு ரூஹி சொல்றா. ஆனா கோர்ட்டு வரிக்கும் போவணுமே, அதுவும் எந்த ஊரு கோர்ட்டுக்குன்னு போவ? மொத வருசப் பாடமாம் சார் இது. ரெண்டு பாசைல ஒரு காயிதம் வந்தா மொதல்ல கடைசிப் பக்கத்தப் பாருன்னு மொத நாளே சொல்லிக் குடுப்பாங்களாம். அஞ்சு நிமிசத்துல கண்டுபுடிச்சிருக்கலாம்.

ஆமா. கண்டுபுடிச்சிருக்கலாம்.

இத்த எய்தாத. இது வாணாம். இத்தப் போட்டா அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும், பாக்காம வுட்டுட்டான்னு ஆயிடும். மொத பேஜுல இருந்த மாதிரியே வுடு. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சின்னு.

யார் எய்திப் போட்டதுன்னா, சுகிர்தம் அக்கா தங்கச்சி பொண்ணு, அனிஷா. கம்பூட்டர் கம்பெனில கீது. அது யூனிவர்சிட்டி அட்ரஸ தேடிப் புட்ச்சி மெயில் போட்டுடுச்சி. ஒங்க ஸ்டூடண்ட்டு காண்ட்ராக்ட்ட படிச்சி, நல்லா கீது போன்னு சொன்னா, எங்க புள்ள நடுக்கடல்ல கீறான்னு. அது மேல எனுக்குக் கோவம் இல்ல சார். நம்ம புள்ளன்னா நாமளும் எய்துவோம். அவுங்க காலேஜு ரூல்ஸுல கீதாம், பட்டம் வாங்காதவங்க சட்ட யோசன சொல்லக் கூடாது. விசாரண திங்கக்கெயம. ஒரு கரைல பேர அடிச்சா மறு கரைலயும் போச்சி, கூட்டுப் படிப்புல்ல. நாலு வருசத்துல மூணு வருசம் முடிச்சிட்டா. கடைசி வருசத்துல கையக் கட்டி அனுப்பிடுவாங்கோ.

ஃபோனா? இன்னாத்துக்கு? ஓ, மெசேஜு காப்பி சேக்கணுமா? ஸ்கிரீன்ஷாட்டா? அது சார், ஃபோன மாத்திட்டேன். பழய ஃபோனு தண்ணில வுய்ந்துடுச்சி.

இல்ல... இதே ஃபோன்தான். பொய் சொல்றேன். ஒரு பொய்ய மூட ஒம்பது பொய்யி வருது பாரு. பயக்கமாயிடுச்சி.

அந்த வாரம் நடந்தத சொல்றேன், அப்பால நீயே எய்து. அக்கா பேப்பர் குட்த்ததுக்கு ரெண்டு நாளு முன்ன, புதங்கெயம, ரூஹி போன் பண்ணா. அயுவுறா. அவ அயுது நான் கேட்டதே இல்ல சார், ஏர்போர்ட்ல கூட. ஒரு பரிட்சைல ஃபெயிலு, வாப்பான்னா. இன்னொரு தபாதான் எய்த வுடுவாங்க, அதுலயும் போனா வீட்டுக்குத்தான்னா. அந்தப் பரிட்ச சனிக்கெயம. அப்பால மெதுவா சொன்னா, வாப்பா, கோச்சிக்காதீங்க, தெருக்காரங்க காயிதம் இனிமே அனுப்பாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மணி நேரம் போவுது, என்னால முடியலன்னா. ரெண்டு வருசமா முடியாம முடியாம செஞ்சிகினு இருந்துகீது. நான் அங்க டீக்கடைல மார தட்டிகினு நின்னுகினு கீறேன். சரிம்மா, இனிமே அனுப்ப மாட்டேன், நீ படின்னு சொன்னேன்.

வெள்ளிக்கெயம அக்கா வந்து நிக்கிது, கையில பையி. இன்னா சொல்லணும் நான்? எம் பொண்ணு இனிமே பாக்க மாட்டாக்கா, அவளே பரிட்சைல தவறிட்டான்னு சொல்லணும். ஒரு வார்த்த. வாய் வரிக்கும் வந்துச்சி சார். வக்கீல் பாயின்ற பேரு தொண்டையில குந்திகினு வுட மாட்டேன்னுது. குடுங்கக்கா, அனுப்புறேன்னு வாங்கிகினேன். பதினோரு பக்கமும் ஃபோட்டோ புட்ச்சேன். ஃபோன்ல அவ பேர எடுத்து வெச்சிகினு குந்தினு இருந்தேன். நாளைக்குக் காலைல பரிட்ச. இத்தப் பாத்தா அவ தூங்க மாட்டா, எனுக்குத் தெரியும். ஃபோன மூடி வெச்சிட்டேன்.

சனிக்கெயம கட தொறக்குறேன், அக்கா ஓடி வருது. பாய் அண்ணே, பாப்பா என்ன சொல்லிச்சின்னு. அந்த ஏஜெண்ட்டு புதுநகர் பசங்கோ ரெண்டு பேர முன்னாடியே அனுப்பிகீறான், ரெண்டும் நல்லபடியா திரும்பி வந்துச்சி, ஒண்ணு வண்டி வாங்கிடுச்சி. அதத்தான் நெனச்சேன். பாத்துட்டாக்கா, எல்லாம் ஒயுங்கா கீதாம், தைரியமா போச் சொல்லுன்னேன். அது என் கையப் புட்ச்சி கண்ணுல ஒத்திகிச்சி சார். அப்பால பரிட்ச முடிஞ்சும் நான் அனுப்பல, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்.

தேதி தேதின்னு எம்மாம் நேரமா தேடுற நீ. அனுப்பிருந்தாத்தான சார் தேதி இருக்கும்.

ஏன் நிறுத்திட்ட? எய்து.

அவ ஏன் ஒத்துகினான்னுதான கேக்கிற? எனுக்கும் மொதல்ல புரியல. ரெண்டு மாசம் முன்ன அக்கா எங்க வூட்டுக்கு வந்துச்சி, தலைய விரிச்சிப் போட்டுகினு. பாப்பாவ ஃபோன்ல கூப்டுன்னுது. ஜெரினா வீடியோ போட்டுக் குட்த்தா. அக்கா கேக்குது, ஏம்மா, நீ படிச்சிப் பாத்துதான போச் சொன்னன்னு. ரூஹிக்கு ஒண்ணும் தெரியாது. ஜோபின் எந்த காயிதத்துல கையெய்த்து போட்டான்னே தெரியாது. ஃபோனுக்குள்ளருந்து அக்காவப் பாத்தா. அக்காவுக்குப் பின்னாடி நான் நிக்கிறேன், என்னியப் பாத்தா. நான் தலய குனிஞ்சிகினேன். அம்மாம்தான் சார், ஒரு நொடி. ஆமா ஆன்ட்டி, நான்தான் படிச்சேன், சரியா பாக்கல, என் தப்புதான்னு சொல்லிட்டா.

அன்னிக்கு ஜெரினா அவள வாய்க்கு வந்தபடி திட்டுனா. ஒரு தாயோட வவுத்தெரிச்சல வாங்கிக் கட்டிகினியேடின்னு. இன்னி வரிக்கும் சரியா பேசுறதில்ல மவகிட்ட. நான் பக்கத்துல குந்திகினு சோறு துன்னேன்.

அப்பால நான் தனியா கூப்ட்டு அயுதேன். ஏம்மா இப்டி சொன்ன, நான் போய் உண்மைய சொல்லிடுறேன்னேன். வாணாம் வாப்பா, நீங்கதான அந்தத் தெருவுல இருக்கணும், நான் இல்லியேன்னா. வேற ஒண்ணும் சொல்லல. திட்டியாச்சும் இருக்கலாம். அந்தப் புள்ளைக்காவ தெனம் லெட்டர் போட்டுகினு கீறா, ரெண்டு பாசைலயும், கப்பல் தொயிலாளி சங்கத்துக்கு, கொடிக்காரன் நாட்டுக்கு, கான்சலேட்டுக்கு. கிளாஸ்ல கூடப் படிக்கிற ஆறு பேரயும் சேத்துகினு. அடுத்த மாசம் எறக்கிடுவாங்கன்னு ஒரு பதில் வந்துகீதாம். வந்தாதான் நெசம். திங்கக்கெயம விசாரணைல இன்னா சொல்லுவன்னு நேத்து கேட்டேன். ஆமான்னு சொல்லுவேன் வாப்பான்றா. மூணு வருசம் ரெண்டு தேசத்து சட்டம் படிச்சிட்டு, அப்பனுக்காவ பொய் சாட்சி சொல்லப் போறா.

அதான் வந்தேன். காலைல வூட்லேர்ந்து கிளம்பும்போது கூட, தெரியாம பண்ணிட்டா, மன்னிச்சிடுங்கன்னு எய்தி வாங்கிகினு போயிடலாம்னுதான் வந்தேன். நீ தேதி கேக்காம இருந்திருந்தா அப்டியே கையெய்த்து போட்டிருப்பேன்.

அந்த மொத பேஜ கியிச்சிப் போடு. காசு வாங்கலன்னு ஒண்ணும் வாணாம். இப்டி போடு. இந்தக் காயிதத்த ரூஹி பாக்கவே இல்ல. நான் அனுப்பல. அவ சொன்னான்னு சொன்னது நான். ரெண்டு தபா போடு அத்த, கேட்டா அழுத்தமா இருக்கட்டும். வக்கீல் வந்ததும் சீல் போட்டு, அந்தாண்ட கரை ஒண்ணு, இந்தாண்ட கரை ஒண்ணு, ரெண்டு யூனிவர்சிட்டிக்கும் இன்னிக்கே மெயில்ல அனுப்பிக் குடு. அட்ரஸ் எங்கிட்ட கீது.

அப்பால இன்னொரு காப்பி, தமிழ்ல. பெரிய எய்த்தா அடி சார். சுகிர்தம் அக்காவுக்கு இங்கிலீஷ் வராது, குட்த்தா யாரையாச்சும் கூப்ட்டுப் படிக்கச் சொல்லும். வாணாம். இத்த அதுவே படிக்கட்டும். நோட்டரி சீல் அதுக்கு வாணாம். எதுத்த வூடுதான், நானே போய் குட்த்துக்கிறேன்.